பலகைக்குப் பின்னால்

ஒஹையோ மாநிலத்தில் வீட்டை விற்பவர் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். கூரை ஒழுகுகிறதா, நிலவறையில் தண்ணீர் வருகிறதா, கரையான் உண்டா, சுவர்களில் குறை ஏதும் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். கூடவே ஒரு சலுகையும் இருக்கிறது. விற்பவர் தனக்கு உண்மையில் தெரிந்ததை மட்டும் எழுதினால் போதும். தெரியாத குறையை ஏன் எழுதவில்லை என்று அவரிடம் கேட்க முடியாது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் கொலம்பஸ் நகரின் புறநகர் ஒன்றில் நாங்கள் ஏழு வருடம் வாழ்ந்த வீட்டை விற்கத் தீர்மானித்தபோது அந்தப் படிவம் என் கைக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தவன் சுவர் பற்றிய கேள்வியில் நின்றுவிட்டேன். காரணம் அன்று காலையில் நடந்த ஒரு சின்ன விஷயம்.

விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஆள் வருவதற்கு முன் வீட்டின் வெளிச்சுவரைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்பக்கம், சமையலறை ஜன்னலுக்குக் கீழே, வினைல் பலகை ஒன்றின் அடி விளிம்பு கொக்கியிலிருந்து விடுபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே விரல் விட்டு இழுத்து மாட்டப் பார்த்தேன். விரல் பின்னாலிருந்த மரத்தில் பட்டது. பட்டதும் உள்ளே போய்விட்டது, டீயில் ஊறிய ரஸ்கில் விரல் வைத்ததுபோல.

கையை எடுத்தேன். பலகையை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். டக் என்று பூட்டிக்கொண்டது. இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தேன். சுவர் புத்தம் புதிதாக இருந்தது.

இப்போது சொல்லுங்கள். எனக்குத் தெரியுமா, தெரியாதா?

வீட்டுத் தரகர் தொலைபேசியில் தயக்கமே இல்லாமல் சொன்னார். நான் ஒரு கட்டட வல்லுநர் இல்லை. ஈரமான மரம் ஒன்றைத் தொட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அது அழுகலா, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படி எழுதுவது? வாங்குபவர் எப்படியும் ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டி வருவார், பார்க்க வேண்டியதை அவர் பார்த்துக்கொள்வார். அந்த இன்ஸ்பெக்டர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பார்ப்பார்கள், சுவரைக் கழற்ற மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மனைவி என் கல்லூரித் தோழி. பேச்சில் சுற்றிவளைக்க மாட்டாள். "உனக்குத் தெரியலங்கறது வேற, தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு நினைக்கறது வேற. நீ எதுல இருக்க?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. படிவத்தை மூடி வைத்துவிட்டேன்.

*

செங்கல்லும் சிமெண்டுப் பூச்சுமாக வளர்ந்த நமக்கு இந்தச் சுவர் முதலில் விளங்காது. அமெரிக்கப் புறநகர் வீடு பெரும்பாலும் மரச்சட்டங்களால் ஆன எலும்புக்கூடு. அதன்மேல் பலகை, அதன்மேல் நீர் தடுக்கும் ஓர் உறை, அதற்கும் வெளியே ஒரு மேல்தோல். அந்த மேல்தோலைத்தான் சைடிங் என்கிறார்கள். பழைய நாட்களில் அது மரம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அலுமினியம். 1950களின் இறுதியில், நான் குடியிருந்த அதே கொலம்பஸில், கிரேன் பிளாஸ்டிக்ஸ் என்ற நிறுவனம் அதைப் பிவிசியில் செய்தது. நம் ஊரில் தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிவிசிதான். 1990களின் நடுப்பகுதியிலிருந்து பல வருடங்களுக்கு, அமெரிக்காவில் புதிதாகக் கட்டப்பட்ட தனிவீடுகளில் மற்ற எல்லா மேல்தோல்களையும்விட அதிகமாக இருந்தது வினைல்தான்.

அதை மாட்டும் முறை விசித்திரமானது. ஆணியை இறுக அடிக்கக் கூடாது. பலகையின் மேல் விளிம்பில் நீள்வட்டத் துளைகள் இருக்கும். துளையின் நடுவில் ஆணி, தலைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. பன்னிரண்டரை அடி நீளமுள்ள ஒரு பலகை கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையில் அரை அங்குலமோ அதற்கு மேலோ நீண்டு சுருங்கும். இறுக்கி அடித்தால் வெயிலில் அலையலையாக வளைந்துவிடும். ஆகவே அந்தச் சுவர் அடிக்கப்பட்டது அல்ல, தொங்கவிடப்பட்டது. காற்றுப் பலமாக அடிக்கிற இரவுகளில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். முதல் குளிர்காலத்தில் யாரோ சுவரைச் சுரண்டுகிறார்கள் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். வினைல் சைடிங் தண்ணீர் புகாத பொருள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிளாஸ்டிக் ஆயிற்றே. ஆனால் அந்தச் சுவர் அப்படி வடிவமைக்கப்படவே இல்லை. மூட்டுகள் வழியாக, ஜன்னல் ஓரங்கள் வழியாக மழைநீர் கொஞ்சம் பின்னால் போகத்தான் செய்யும் என்று அதை வடிவமைத்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு பலகையின் அடி விளிம்பிலும் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருக்கிறார்கள், போன தண்ணீர் வெளியே வர. உண்மையில் வீட்டைக் காப்பது பின்னாலிருக்கும் உறையும், ஜன்னல் ஓரங்களில் மடித்து வைக்கிற தகடுகளும். முன்னால் இருப்பது மழையின் வேகத்தைக் குறைக்கிற ஒரு திரை.

*

வினைல் சைடிங்கைப் பற்றிப் பேசினால் அழகுணர்ச்சி உள்ளவர்கள் முதலில் சொல்வது, அது ஒரு பொய் என்பதுதான். பிளாஸ்டிக்கில் மரத்தின் ரேகையை அச்சடித்து மரம்போல் காட்டுகிறது. பிவிசி என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே இந்தக் குற்றச்சாட்டு எழுதப்பட்டுவிட்டது. ஜான் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில் ஒரு விளக்கின் பெயர் உண்மை. கட்டடம் சொல்லும் பொய்களை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். தாங்காத ஒன்று தாங்குவதுபோல் காட்டுவது, ஒரு பொருளின் மேற்பரப்பை வேறொரு பொருளாகக் காட்டுவது, இயந்திரத்தில் செய்த அலங்காரத்தைக் கைவேலையாகக் காட்டுவது. வினைல் சைடிங் இரண்டாவது வகையில் கச்சிதமாக உட்காரும்.

ஆனால் ரஸ்கின் ஒரு விதிவிலக்கும் தருகிறார். கட்டடத்தில் தங்க முலாம் பூசினால் அது பொய்யல்ல, ஏனென்றால் யாரும் அதைக் கெட்டித் தங்கம் என்று நினைப்பதில்லை. நகையில் பூசினால் பொய், ஏனென்றால் அங்கே நினைப்பார்கள். அதாவது பொய் பொருளில் இல்லை. பார்ப்பவர் என்ன நம்புகிறார் என்பதில் இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்தால் வினைல் விடுதலையாகிவிடுகிறது. எங்கள் தெருவில் இருந்த எந்த வீட்டையும் பார்த்து அது மரம் என்று யாரும் ஏமாந்ததில்லை. அஞ்சல்காரர் ஏமாறவில்லை. குழந்தைகள்கூட ஏமாறவில்லை.

நகல் செய்வதே குற்றம் என்றால் எதுவும் தப்பாது. மௌண்ட் வெர்னனில் ஜார்ஜ் வாஷிங்டனின் வீடு கல் வீடுபோல் தெரியும். அது பைன் மரம். பலகைகளின் விளிம்பைச் சரித்துச் செதுக்கி, ஈரமான வண்ணத்தின்மேல் மணலை வீசிக் கல்லாக்கியிருக்கிறார்கள். இன்று வினைல் நகல் செய்கிற மரம், ஒரு காலத்தில் கல்லை நகல் செய்துகொண்டிருந்தது. கல் மட்டும் என்ன? மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டின் திரௌபதி ரதத்தைப் பாருங்கள். கூரை வேய்ந்த ஒரு குடிசையை ஒரே பாறையில் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று யாரும் "பொய்" என்று சொல்வதில்லை. நாம் ஏழை வீட்டின் நகலை மட்டும்தான் பொய் என்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். மனைவி இறந்துவிட்டார், இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. மரச் சுவருக்கு சில வருடங்களுக்கு ஒருமுறை வண்ணம் அடிக்க வேண்டும். ஏணியில் ஏற அவரால் முடியாது, ஆள் வைக்கப் பணம் இல்லை. வினைல் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சுவரைப் பற்றி ஒருநாள்கூடக் கவலைப்பட்டதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவரிடம் போய் ரஸ்கினைப் பற்றி நான் பேச முடியாது. பேசவும் கூடாது.

சரி, அப்படியானால் வினைலில் எந்தப் பொய்யும் இல்லையா?

*

அவர் சொன்ன அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பிறகு தோன்றியது. வினைலை விற்றது மரம் என்று சொல்லி அல்ல. இனி வண்ணம் அடிக்க வேண்டாம், பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லி. அந்த வாக்கு பாதி உண்மை. பலகைக்குப் பராமரிப்பு வேண்டாம். ஆனால் பலகை மட்டும் சுவர் இல்லை.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முந்தைய வாரம் வெள்ளையடிப்போம். சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, வடிகட்டி, நீலம் கொஞ்சம் கலந்து, நார்த் தூரிகையால் அடிப்பது. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கையெல்லாம் பொத்துப்போகும். எனக்கு அது சுவரை வெள்ளையாக்கும் வேலை. அப்பாவுக்கு வேறு வேலை. "சும்மா இழுத்துட்டுப் போவாதடா, சுவத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டே அடி" என்பார். விரிசல் எங்கே, பூச்சு எங்கே ஊதியிருக்கிறது, கரையான் எங்கே மண்கோடு போட்டிருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில்தான் தெரியவரும். வருடத்துக்கு ஒருமுறை வீட்டின் ஒவ்வொரு சாண் இடத்தையும் ஒரு மனிதக் கை தொட்டுவிடும். வெள்ளை அதற்கு ஒரு சாக்கு.

வேலைக்கு வந்த பிறகு நான் பொங்கலுக்குப் போவது குறைந்தது. ஒரு வருடம் பணம் அனுப்பி, பல வருடம் தாங்கும் என்று உத்தரவாதம் தந்த வெளிப்பூச்சு ஒன்றை அடிக்கச் சொன்னேன். "இனிமே உங்களுக்கு இந்த வேலையே இல்லப்பா" என்று பெருமையாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்பா, "ம்ம், நல்லாத்தான் இருக்கு" என்றார். பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? பார்க்க வேண்டிய கடமையிலிருந்து விடுதலை வாங்கித் தருவதை நான் அன்பு என்றே நினைத்திருக்கிறேன்.

அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறை, பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி வழிகாட்டிக் குறிப்புகள் வெளியிடுகிறது. அதில் எட்டாவது குறிப்பு, வரலாற்றுக் கட்டடங்களில் அலுமினியமும் வினைலும் போடுவது பற்றியது. அழகு கெடும் என்பது அதன் கவலைகளில் ஒன்று. இன்னொன்று, உள்ளே நடக்கும் அழிவை அந்தப் பலகைகள் மறைத்துவிடும் என்பது. வண்ணம் அடித்த மரம் கெட்டால் அது சொல்லிவிடும். வண்ணம் உரியும், கறுக்கும், உப்பும். வினைலுக்குப் பின்னால் கெட்டால் சொல்வதற்கு எதுவும் இல்லை. முகம் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும்.

*

படிவத்தை மூடி வைத்த அந்த வாரம் எனக்கு வில்லியம் கிளிஃபோர்டின் கப்பல் முதலாளி ஞாபகத்துக்கு வந்தார். கிளிஃபோர்ட் ஒரு ஆங்கிலேயக் கணிதவியலாளர். 1877இல் 'நம்பிக்கையின் அறம்' என்ற கட்டுரையில் ஒரு கதை சொல்கிறார். ஒரு முதலாளியிடம் பழைய கப்பல் ஒன்று இருக்கிறது. பலமுறை பழுது பார்த்தது. நாடு விட்டு நாடு குடிபெயரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். கப்பல் தாங்குமா என்று அவருக்குள் சந்தேகம் வருகிறது. சோதித்துப் பார்த்தால் செலவு. எத்தனை புயலைத் தாண்டிய கப்பல், இந்த முறையும் தாண்டாதா, கடவுள் கைவிடுவாரா என்று மெல்ல மெல்லத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார். கடைசியில் கப்பல் பத்திரமானது என்று உண்மையாகவே நம்பிவிடுகிறார். சந்தோஷமாக வழியனுப்புகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்.

கிளிஃபோர்ட் இங்கே கேட்பது என்னைத் தூங்கவிடவில்லை. அந்த முதலாளி பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினார். ஆனாலும் அவர் குற்றவாளி, ஏனென்றால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. விசாரித்துச் சம்பாதித்த நம்பிக்கை அல்ல அது, சந்தேகத்தை அமுக்கிப் பெற்ற நம்பிக்கை. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் அதே அளவுதான் என்கிறார்.

நான் அந்தப் பலகையைத் தட்டிப் பூட்டியபோது செய்தது அதைத்தான். அறியாமை எனக்கு வாய்க்கவில்லை. நான் அதைத் தயாரித்தேன், ஒரு டக் சத்தத்தில்.

இதே டக் சத்தம் இந்தப் பொருளின் வரலாற்றில் வேறொரு இடத்திலும் கேட்கிறது. பிவிசி என்பது வினைல் குளோரைடு என்ற வாயுவைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வது. சுவரில் தொங்கும் பலகையும் அந்த வாயுவும் ஒன்றல்ல, அந்த நியாயத்தைச் செய்துவிட வேண்டும். ஆனால் வாயு இல்லாமல் பலகை இல்லை. 1974 ஜனவரியில், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் இருந்த பி.எஃப். குட்ரிச் ஆலையின் தொழிலாளர்கள் சிலர் ஆஞ்சியோசர்கோமா என்ற மிக அரிதான கல்லீரல் புற்றுநோயால் இறந்திருக்கிறார்கள் என்ற செய்தி வெளியானது. மிக அரிதான ஒரு நோய் ஒரே ஆலையில் சிலருக்கு வந்தால் அது தற்செயல் இல்லை. ஆனால் அதற்கு முன்பே இத்தாலியின் போலோன்யாவில் சேசரே மல்தோனி என்ற ஆய்வாளர், வினைல் குளோரைடைச் சுவாசித்த எலிகளுக்கு அதே புற்றுநோய் வருவதைக் கண்டிருந்தார். அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அது தெரியவந்திருந்தது. அதை வெளியே சொல்வதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தமும் செய்திருந்தார்கள். ஜெரால்ட் மார்கோவிட்ஸ், டேவிட் ரோஸ்னர் என்ற இரு வரலாற்றாசிரியர்கள் நிறுவனங்களின் உள் ஆவணங்களைக் கொண்டு இதைப் பின்னால் எழுதினார்கள்.

அப்போது ஆலைக் காற்றில் அனுமதிக்கப்பட்ட அளவு பத்து லட்சத்தில் 500 பங்கு. அமெரிக்க அரசு அதை 1 பங்காகக் குறைத்தது. இது சாத்தியமே இல்லை, தொழிலே மூடப்பட்டுவிடும் என்று நிறுவனங்கள் வாதாடின. தொழில் மூடப்படவில்லை. பாருங்கள், அவர்களும் பொய் சொல்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். முடியாது என்று நம்பியிருப்பார்கள். முயன்று பார்க்காமல் நம்பியிருப்பார்கள்.

ஜூடித் ஹெல்ஃபண்டும் டேனியல் கோல்டும் இயக்கிய 'ப்ளூ வினைல்' என்ற ஆவணப்படம் 2002இல் வந்தது. லாங் ஐலண்டில் ஹெல்ஃபண்டின் பெற்றோர் வீட்டில் மரச்சுவர் அழுகிவிடுகிறது. அவர்கள் நீல வினைல் போடுகிறார்கள். மகள் அதில் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அது வந்த வழியைத் தேடிப் போகிறாள், லூயிசியானாவின் லேக் சார்ல்ஸுக்கு, பிறகு வெனிஸுக்கு. கையில் ஒரு துண்டுச் சுவருடன் ஒரு பெண் ஆலை வாசல்களில் நிற்பதைப் பார்க்கக் கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருக்கும். அவள் செய்வது ஒன்றே ஒன்றுதான். பலகைக்குப் பின்னால் பார்க்கிறாள். படத்தின் முடிவில் வினைல் போய்ப் பழைய மரத்தை மீட்டெடுத்துச் செய்த பலகை வருகிறது. அது மலிவான தீர்வல்ல. என் பக்கத்து வீட்டுக்காரரால் அது முடியாது.

2023 பிப்ரவரி 3 அன்று ஒஹையோவின் ஈஸ்ட் பாலஸ்தைன் என்ற ஊரில் சரக்கு ரயில் தடம் புரண்டது. ஐந்து டாங்கர்களில் வினைல் குளோரைடு. வெடித்துவிடும் என்று பயந்து மூன்று நாள் கழித்து அதைத் திறந்துவிட்டு எரித்தார்கள். கறுப்புப் புகை ஊரின் மேல் எழுந்தது. எரித்திருக்கத் தேவையில்லை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மறுவருடம் சொன்னது. அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டு வெளிச்சுவரின் வேதிப்பெயரை நான் முதல்முறையாகத் தேடிப் படித்தேன். அதில் ஆறு வருடம் குடியிருந்த பிறகு.

*

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். நானே அதை எனக்குள் கேட்டுக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் பின்னால் பார்க்க யாரால் முடியும்? இந்தச் சட்டையின் பருத்தி, இந்தக் கைபேசியின் கோபால்ட், இந்தக் காப்பி. பின்னால் பார்ப்பது கடமை என்றால் அது முடிவே இல்லாத கடமை. முடிவே இல்லாத கடமையை மனிதர்கள் சுமப்பதில்லை, இறக்கி வைத்துவிடுவார்கள்.

என் தொழிலில் இது தினசரிப் பிரச்சினை. நான் எழுதும் ஒரு சின்ன மென்பொருள் மற்றவர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான நிரல்தொகுப்புகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட முழுதாக நான் படித்ததில்லை. படிக்கவும் முடியாது. உள்ளே இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் மேலே இருப்பதை மட்டும் வைத்து வேலை செய்ய முடிவதுதான் எங்கள் துறையின் பெரிய சாதனை. ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கணினியும் ஓடாது. மேல்தோல் ஒரு பொய் அல்ல, ஒரு வசதி. நாம் சேர்ந்து வாழ்வதற்கான ஏற்பாடு என்றுகூடச் சொல்லலாம். தினமும் பார்க்கிறவர்களிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்கிறோமே, அதுபோல.

ஆனால் நல்ல மென்பொருளில் ஒரு ஏற்பாடு இருக்கும். உள்ளே ஏதாவது தவறினால் அது வெளியே தெரிந்தாக வேண்டும். பிழையை ஓசையில்லாமல் விழுங்கிவிட்டு எல்லாம் சரி என்று காட்டும் நிரலைத்தான் நாங்கள் மிக மோசமானது என்போம். வினைல் பலகையின் அடியில் இருக்கும் சின்னத் துளைகளும் அதே ஏற்பாடுதான். தண்ணீர் உள்ளே போகும் என்று ஒப்புக்கொண்டு, அது வெளியே வர வழி வைத்திருக்கிறார்கள். அந்தத் துளையை அடைத்துவிட்டால்தான் அது பொய்ச்சுவர்.

ஆகவே நான் இப்படி வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் திறந்து பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை. ஆனால் உள்ளேயிருந்து ஒரு செய்தி வெளியே வந்தால், விரல் உள்ளே போனால், அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொள்ளும் உரிமையும் இல்லை. எலிகளின் முடிவைக் கையில் வாங்கிய பிறகு அந்த நிறுவனங்களுக்கு அந்த உரிமை இல்லாமல் போனதுபோல. அளவில் ஒப்பிடவே முடியாதவை இவை. அங்கே உயிர்கள் போயின, இங்கே இரண்டு மூன்று பலகைகள். ஆனால் கையசைவு ஒன்றேதான் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை.

*

அடுத்த சனிக்கிழமை கடையில் ஒரு கருவி வாங்கினேன். கைப்பிடியோடு ஒரு வளைந்த தகடு, அவ்வளவுதான், சில டாலர். அதைப் பலகையின் அடியில் நுழைத்துப் பக்கவாட்டில் இழுத்தால் ஜிப்பைத் திறப்பதுபோல் கொக்கி விடுபட்டுவிடும். ஏழு வருடம் நான் பயந்துகொண்டிருந்த சுவர் ஒரு நிமிடத்தில் திறந்துகொண்டது.

பின்னால் இருந்தது பழைய மரச்சுவர். வினைல் எதை நகல் செய்ததோ அதே மரம், மேலே இளமஞ்சள் வண்ணம். அதில் ஒரு ரேகைகூடத் தெரியவில்லை. வழுவழுவென்று இழைத்து வண்ணம் அடித்த மரத்தில் ரேகை தெரியாது. அதன்மேல் தொங்கிய பிளாஸ்டிக்கில்தான் ரேகை ஓடியது. ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து ஒரு கறுப்புத் தாரை இறங்கியிருந்தது. அங்கே மடித்து வைக்க வேண்டிய தகட்டை யாரும் வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் அதே வழியில் இறங்கியிருக்கிறது. நாங்கள் அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம்.

தச்சர் வந்தார். ஆறு பலகையும், பின்னாலிருந்த சட்டம் ஒன்றில் பாதியும் மாற்ற வேண்டியிருந்தது. நான் பயந்ததைவிடக் குறைவு, தரகர் சொன்னதைவிட அதிகம். வேலை முடிந்து கிளம்பும்போது அவர் மற்ற ஜன்னல்களைப் பார்த்தார். எல்லாம் ஒரே ஆள் போட்டதாகத்தான் இருக்கும், அவற்றையும் திறந்து பார்த்துவிடட்டுமா என்று கேட்டார்.

இதற்கு நான் தயாராக இருக்கவில்லை. பணம் ஏற்கெனவே கையை மீறியிருந்தது. அடுத்த வேலையில் சேர மூன்று வாரம்தான் இருந்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று இரவு படிவத்தை மறுபடி எடுத்தோம். தெரியும் என்று எழுத ஓர் இடம், தெரியாது என்று எழுத ஓர் இடம். நான் தயங்குவதைப் பார்த்து அவள்தான் சொன்னாள். "பாத்தத எழுது. பாக்காததையும் எழுது."

எழுதினேன். சமையலறை ஜன்னலுக்குக் கீழே நீர்க்கசிவால் மரம் அழுகியிருந்தது, சரிசெய்யப்பட்டது. மற்ற ஜன்னல்களிலும் இதே முறையில் வேலை நடந்திருக்க வாய்ப்புண்டு. அவற்றை நாங்கள் திறந்து பார்க்கவில்லை.

தரகர் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை கேட்டார். முதலில் வந்த குடும்பம் அந்த வரியைப் படித்துவிட்டுப் பின்வாங்கியது. இரண்டாவதாக வந்த தம்பதி விலையைக் குறைத்துக் கேட்டார்கள், கொடுத்தோம். அவர்கள் அந்த ஜன்னல்களைத் திறந்து பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வெளிப்பூச்சு இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரமாக நடந்து ஒவ்வோர் இடமாகத் தட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லைப்பக்கம், குளியலறை மூலையில், ஓர் இடத்தில் பூச்சு உள்ளே வெறுமையாக ஒலித்தது.

"அங்கதான்" என்றார் அப்பா, எழுந்திருக்காமலே. "நாலு வருசமா அப்படித்தான் இருக்கு."

"ஏன்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலயேடா."